வெளிக்கிட்டுது, எறங்கிடுச்சு

பலாலியிலிருந்து திருச்சிக்கு
நேர்கோடு பிடித்தால் நூற்றெண்பத்துநாலு கிலோமீட்டர்.
பள்ளிக்கூட அட்லசில் அடிமட்டம் வைத்து
மகள் அளந்து சொன்னது.
பறக்க ஒரு மணித்தியாலம் என்று
டிக்கெட் விற்கிறவர்கள் சொல்கிறார்கள்.
எங்கள் கணக்கு வேறு.

விமானத்தின் நிழல்
வெங்காயப் பாத்திகளைக் குறுக்கே கடக்கும்போது
மண்வெட்டியைப் போட்டுவிட்டு அழைப்பேன்.
"அக்கா, வெளிக்கிட்டுது."
அவ்வளவுதான். வைத்துவிடுவேன்.

கொட்டப்பட்டு முகாமில்
ஓடுபாதைச் சுவருக்குக் கூப்பிடு தூரத்தில்
தங்கேஸ் அக்கா உடுப்புக் காயப்போட்டபடி
கிழக்கே பார்த்துக்கொண்டிருப்பாள்.
பிறகு எனக்கு மணி அடிக்கும்.
"எறங்கிடுச்சுடா."

ஐம்பத்தெட்டு நிமிடம். அறுபத்தொன்று.
கார்த்திகை மழையில் ஒருநாள் எண்பத்துமூன்று;
அன்றைக்கு "சுத்திட்டே இருக்குடா, சுத்திட்டே இருக்கு" என்று
நடுவிலே இரண்டுதரம் எடுத்தாள்.
அதற்குள் எங்களுக்குத் தெரிந்த ஒருவரும் இல்லை.
என்றாலும் இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

கடலுக்கு மேலே எங்கோ ஓரிடத்தில்
"வெளிக்கிட்டது" "கிளம்பினது" ஆகிறது.
"கதைக்கிறது" "பேசுறது" ஆகிறது.
விமானிக்கு அது தட்டுப்படாது.
அக்கா வள்ளத்தில் போய்ச்சேர
ஓர் இரவும் மறுநாள் மத்தியானம் வரையும்.
வாய் மாற எவ்வளவு காலம் எடுத்ததென்று
ஒருவரும் குறித்துவைக்கவில்லை.
அவள் பிள்ளைகள் என் பேச்சைக் கேட்டால்
தலையணையில் முகம் புதைத்துச் சிரிப்பார்களாம்.

தொண்ணூறில் மாதகலுக்கு நடக்க முன்னம்
தண்ணி இறைக்கும் மெசினின் பிளக்கைக் கழற்றி
பழைய சட்டைத் துணியில் சுற்றிக்கொண்டாள்.
"ஒருத்தரும் கொண்டுபோய் ஓட்டக் கூடாது.
ஒரு கிழமையில வந்திடுவம்."

இருபத்தெட்டு வருசம் கழித்துக் காணி திறந்தபோது
மெசின் இல்லை. அது நின்ற கொட்டில் இல்லை.
கிணறு இருந்தது.
கிணற்றுக்குள்ளிருந்து ஓர் அரசமரம் எட்டிப் பார்த்தது.

அக்காவிடம் பாஸ்போட் இல்லை.
பிறப்பு அத்தாட்சியில் வயாவிளானை
ஆரோ ஒரு கிளாக்கர் வேறு மாதிரி எழுதிவிட்டார்.
அதற்காகச் சென்னைக்கு ஒரு கடிதம்,
கொழும்புக்கு ஒரு கடிதம்,
கலெக்டர் ஆபீஸ் வாசலில் நாலு செவ்வாய்க்கிழமை.
அந்தத் தூரத்துக்கு
மகளின் அட்லசில் அளவுத்திட்டம் போடவில்லை.

போன மாசம் பிளக் மட்டும் வந்தது.
கடதாசிகள் சரிவந்து திரும்பிய அருள்நேசன்
முகாமில் அவளுக்கு அடுத்த வீட்டுக்காரன்,
பலகாரப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தான்.
திருச்சியில் பெட்டியைத் திறக்கச் சொல்லி
"என்னய்யா இது?" என்று உருட்டிப் பார்த்தார்களாம்.
"மோட்டர் பிளக் சேர்."
"எங்க மோட்டர்?"
"அங்க, சேர்."

அறுபது நிமிடம்.
முறுக்குத் தூள் ஒட்டியபடி
என் உள்ளங்கையில் இருந்தது.
வெள்ளைப் பீங்கானில் ஒரு வெடிப்பு,
நுனியில் அப்போதைய கரி.

"வந்திடுச்சா?"
"வந்திட்டுது."
"போட்டுப் பாத்தியா? ஓடுதா?"

மெசின் போனதை நான் அவளுக்குச் சொன்னதில்லை.
மரம் முளைத்ததை மட்டும் சொல்லியிருக்கிறேன்.
"ஓம், நில்லு" என்றுவிட்டு
கிணற்றடிச் சுவிச்சைப் போட்டு
போனை மோட்டருக்குக் கிட்டப் பிடித்தேன்.
தண்ணி வாய்க்காலில் விழுந்து
முதலாம் பாத்தி நிறைந்தது.
இரண்டாவதுக்குத் திருப்பிவிட வேண்டும், திருப்பவில்லை.

அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.
லைன் அறுந்துபோச்சோ என்று
காதில் வைத்தேன்.

"டேய்,
அது கரண்டு மோட்டரெல்லோ?"

எல்லோ.